ஷெரீஃபுக்கு வந்த சம்மன்

கிர்பி கவுண்டியில் நீதிமன்றத் தாள் எதுவானாலும் ஷெரீஃப் அலுவலகத்தில் லொரெட்டா பிங்க்லியின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். விவாகரத்தோ, வீட்டைக் காலி செய்யும் உத்தரவோ, அவள் எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, துணை ஷெரீஃப் ஒருவரிடம் கொடுத்தனுப்புவாள். பதினேழு வருஷமாக இதே நாற்காலி. அந்த நவம்பர் வெள்ளிக்கிழமை காலை வந்த தாள்கட்டில் நாலாவதாக இருந்தது ஷெரீஃப் டுவெய்ன் ஸ்டக்கியின் பேருக்கே வந்த சம்மன்.

வழக்குப் போட்டவள் ஓபல் ரைனர்ட், ஷெரீஃப் நடத்தும் சிறையில் சமையல்காரி. சமையலறைக் குளிர்பெட்டி ஆறு வாரமாக ஓடவில்லை என்று கவுண்டி சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். மறுநாள் ஷெரீஃப் சாவியை வாங்கிக்கொண்டு அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். சம்மனைச் சேர்ப்பிக்கக் கெடு அன்று மாலை ஐந்து மணி. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டித்தாயிற்று. இனித் தவறினால் வழக்கு தள்ளுபடி.

ஷெரீஃப் மேல் வந்த சம்மனை அவருடைய ஆட்கள் கொடுத்தால் செல்லாது. மரண விசாரணை அதிகாரி மெர்ல்தான் கொடுக்க வேண்டும். கவுண்டியில் ஷெரீஃபைக் கைது செய்ய அதிகாரம் உள்ளவர் அவர் ஒருவர்தான். இதை லொரெட்டா பட்டுத் தெரிந்துகொண்டாள். முந்தைய ஷெரீஃப் மேல் வந்த சம்மனை வழக்கம்போல ஒரு துணை ஷெரீஃபிடம் கொடுத்தனுப்பி, ஒரு விவசாயியின் வழக்கு அதனாலேயே விழுந்தது. அந்த மனிதர் இன்றுவரை சர்ச்சில் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

பத்தரைக்கு ஷெரீஃப் காபிக் கோப்பையோடு மேசைக்கு வந்தார்.

"எனக்கு ஏதோ வந்திருக்காமே?"

"வந்திருக்கு, ஷெரீஃப்."

"குடுங்க, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன். எதுக்கு ஊரைக் கூட்டணும்?"

கேட்பதற்குப் பெருந்தன்மையாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி வாங்கிக்கொண்ட பிறகு, சம்மன் முறைப்படி வரவில்லை என்று அவருடைய வக்கீல் எழுந்து நிற்பார். அது இருவருக்கும் தெரியும்.

"இது மெர்ல் கையால வரணும்" என்றாள்.

"மெர்லா? அவரு செத்தவங்களைப் பார்க்கற ஆளு. எனக்கு இன்னும் மூச்சு ஓடுதும்மா."

ஷெரீஃப் கோப்பையை வைத்தார். "ஜனவரில ஆபீஸ்ல எல்லாருக்கும் புதுசாப் பதவிப் பிரமாணம். யார் யாரைக் கூப்பிடணும்னு லிஸ்ட் எழுதிக்கிட்டிருக்கேன், லொரெட்டா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். போன வாரம்தான் தேர்தலில் மறுபடி ஜெயித்திருந்தார். லிஸ்டில் பேர் இல்லாதவர்கள் வீட்டில் இருந்துகொள்ளலாம். ஏன் என்று கேட்க அவருக்கு மேலே யாரும் கிடையாது.

லொரெட்டா பதிவேட்டில் 'மெர்ல் ஆப்பிள்கேட்' என்று எழுதிவிட்டு அவருக்குப் போன் போட்டாள். மெர்லுக்குத் தொழில் சவ அடக்க நிலையம். மரண விசாரணை அதிகாரி பதவி தேர்தலில் வந்தது. பதினொரு மணிக்கு ஓர் அடக்கம், இரண்டு மணிக்கு இன்னொன்று, திங்கட்கிழமை பார்க்கலாமே என்றார். டுவெய்னும் தானும் ஒன்றாக மான் வேட்டைக்குப் போகிறவர்கள் என்றும் சொல்லி இழுத்தார்.

"வேட்டைக்கு இன்னும் பத்து வருஷம் போய்க்கோ, மெர்ல். இது அஞ்சு மணிக்குள்ள."

நாலு மணிக்கு மெர்ல் கறுப்புச் சூட்டோடு வந்தபோது ஷெரீஃப் அறை காலி. பின்வாசல் வழியாக மூன்று மணிக்கே போயிருந்தார். எங்கே என்று மெர்ல் கேட்டார். வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் மீன் வறுவல் விருந்து. ஷெரீஃப்தான் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பார். இது கவுண்டி முழுக்கத் தெரிந்த விஷயம். சொன்னால் ஜனவரி லிஸ்டில் தன் பேர் இருக்காது என்று லொரெட்டாவுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மெர்ல் திரும்பினார். கை மாவாக இருக்கிறது என்று டுவெய்ன் வாங்க மறுத்தாராம். வரிசையில் நின்றவர்கள் பார்க்க, இவர் அதை அவருடைய ஏப்ரன் பையில் செருகிவிட்டு வந்தாராம்.

"மான் வேட்டை போச்சு" என்றார் மெர்ல்.

லொரெட்டா சேர்ப்பித்த நேரத்தை எழுதி, முத்திரை குத்தி, எதிரே இருந்த நீதிமன்றத்துக்குத் தானே நடந்துபோய்க் கொடுத்தாள்.

ஜனவரியில் பதினான்கு பேரைக் கூப்பிட்டார்கள். அவளைக் கூப்பிடவில்லை.

பிப்ரவரியில் ஓபலின் வழக்கு வந்தபோது பின் பெஞ்சில் லொரெட்டா உட்கார்ந்திருந்தாள். சம்மன் முறைப்படி வந்து சேர்ந்ததா என்று ஷெரீஃபின் வக்கீல் முதலில் கேட்டார். நீதிபதி தாளை எடுத்துப் பார்த்தார். சேர்ந்திருக்கிறது, அடுத்த விஷயத்தைச் சொல்லுங்கள் என்றார்.