மோடம் என்கிற கிராணி

எங்கள் தோட்டத்து மாரியம்மன் மீதும், எனக்கு மிச்சமிருக்கும் ஏழு பல்லின் மீதும் ஆணை. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஞாயிறுதோறும் நாலு மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து மகன் குணாளன் கூப்பிட்டு முகம் காட்டிப் பேசுவதாக ஏற்பாடு. அதற்காகத்தான் வீட்டுக்கு இண்டர்நெட் போட்டோம். என் மனைவி குமுதவல்லி மூன்று மணிக்கே தலைசீவி, பவுடர் பூசி, கைப்பேசியை மைலோ டின்னில் சாய்த்துவைத்து உட்கார்ந்துவிடுவாள். ஐந்து மணிக்கு என்னைப் பார்ப்பாள்.

"இன்னைக்கு என்னங்க ஆச்சு லைனுக்கு?"

முதல் ஞாயிறு மோடம் கோளாறு. மோடம் நம் தோட்டத்து ஆபீஸ் கிராணி மாதிரி என்றேன். துரை பேசுவது நமக்குப் புரியாது, கிராணிதான் மாற்றிச் சொல்வார். கேபிளில் வருவதை வீட்டுக்குப் புரிகிறபடி மாற்றுவது மோடம். அதன் சூட்டுக்கு ஆறடி உடும்பு ஒன்று பின்னால் வந்து படுத்துக்கொண்டது. அன்று முழுக்க வந்ததெல்லாம் உடும்புப் பாஷை.

அடுத்த வாரம் ரவுட்டர். அது வேலையாட்களை மேய்க்கிற மண்டோர். விடிகாலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுத்து ஆளுக்கொரு மரநிரை பிரித்துவிடுவதுபோல, வந்த இண்டர்நெட்டை இது கைப்பேசிக்கு, இது டிவிக்கு என்று கம்பியே இல்லாமல் காற்றில் அனுப்பும். அந்தக் காற்றுவழிக்குத்தான் வைஃபை என்று பெயர். மண்டோர் தூக்கக் கலக்கத்தில் குணாளனைக் கோழிக்கூண்டுக்கு அனுப்பிவிட்டது. சேவல் அரைமணி நேரம் அவனோடு பேசியது.

மூன்றாவது வாரம் பேண்ட்வித். அது தோட்டத்துச் சாலையின் அகலம். செம்பனைப் பழ லாரி வந்தால் மோட்டார் சைக்கிள் ஒதுங்கி நிற்க வேண்டும். வரிசை வீடுகள் முழுக்க ஒரே கேபிளைப் பங்குபோடுகிறோம். பக்கத்து வீட்டு மோகனா நாடகம் பார்க்க உட்கார்ந்தால் நம் பிள்ளை வரும் வழியில் செண்டாயானிலேயே நின்றுவிடுவான். நான்காவது வாரம் குரங்குகள் கேபிளில் ஊஞ்சல் கட்டின.

இப்படிப் பதினோரு ஞாயிறு. எனக்கே அலுத்துவிட்டது. மிருகங்களும் தீர்ந்துகொண்டிருந்தன.

பன்னிரண்டாவது வாரம் குமுதவல்லியே ஆளுக்குப் போன் போட்டுவிட்டாள். ரந்தா டவுனிலிருந்து லைன் பார்க்கிற புனிதன் மோட்டாரில் வந்தான். அவள் அவனிடம் நான் சொன்ன எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவன் கருவியை மாட்டிப் பார்த்தான். பிறகு அவளுடைய பவுடர் முகத்தைப் பார்த்தான். பிறகு என்னை.

"ஐயா, வெளிய வாங்க. கம்பத்தப் பாப்போம்."

கம்பத்தடியில் இருவரும் அண்ணாந்து நின்றோம்.

"உடும்பா ஐயா?"

"ஆறடி."

தலையை ஆட்டிக்கொண்டான். உள்ளே வந்தான். "சிக்னல் வீக் லா மா. உடும்பு கடிச்சிருக்கு."

"கடிக்கலப்பா," என்றாள் குமுதவல்லி. "சும்மா படுத்துதான் இருந்துச்சாம். அவரு சொன்னாரு."

அவன் போன பிறகு முந்தானையால் ரவுட்டரை மெதுவாகத் துடைத்தாள். "பாவம், நாலு மணி ஆனாத்தான் இதுக்கு முடியாமப் போவுது." கைப்பேசியை எடுத்து மறுபடியும் மைலோ டின்னில் சாய்த்தாள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இணைப்புப் போட்ட நாளிலிருந்து எங்கள் லைன் ஒரு நிமிடம்கூடக் கெட்டதில்லை.