நூறு அடிக்குள் ஒரு பேர்

இப்போதெல்லாம் எவரும் அவரவர் வேலையோடு நிற்பதில்லை. பாடுகிறவன் வருமான வரியைப் பற்றிப் பேசுகிறான், நடிக்கிறவன் தேர்தலில் நிற்கிறான். நான் நாற்பது வருஷம் கவுண்டி நிர்வாகத்துக்கு ரோடு போட்டேன். எவனுக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போகவில்லை.

எங்கள் ஒஹாயோ ஊரில் மார்லீஸ் டுவோராக் நகரக் கவுன்சில் தேர்தலில் நின்றாள். படம் வரைகிறவள். நூலகத்தின் பக்கச் சுவர் முழுக்க ஆற்றையும் ஊராரையும் வரைந்தது அவள்தான். ரோடு போடும் வண்டியோடு நானும் அதில் இருக்கிறேன். வண்டியின் மஞ்சள் தப்பு. நூலகத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கக் கவுன்சில் துடித்துக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் நிற்கிறேன் என்றாள். நூலகத்துக்காகவா, தன் படத்துக்காகவா என்று எனக்குச் சந்தேகம்.

தேர்தலன்று நான் வாக்குச்சாவடி ஊழியன். சாவடி எப்போதும் சர்ச்சில்தான். அந்த வருஷம் அங்கே தண்ணீர் புகுந்துவிட்டதால் நூலகத்துக்கு மாற்றினார்கள். விடிந்ததும் வாசலிலிருந்து நூறு அடி அளந்து இரண்டு சின்னக் கொடிகளை நட்டேன். சட்டப்படி அதற்குள் எந்த வேட்பாளரின் பேரும் தெரியக் கூடாது. நிமிர்ந்தால் சுவரில், படத்தின் அடியில் அவள் போட்ட கையெழுத்து: முழ உயரச் சிவப்பு எழுத்தில், டுவோராக்.

"ஒன்பது வருஷமா தினம் பாக்குறோம், ஒருத்தருக்கும் தோணலையே!" என்றாள் கூட வேலை பார்த்த லொரெய்ன், வாயில் டோனட்டோடு.

மார்லீஸுக்குப் போன் போட்டேன். "ஏம்மா, உன் பேரு நூறு அடிக்குள்ள நிக்குது. ஆறரைக்குக் கதவைத் திறக்கணும். அப்படியே விட்டா, நீ ஜெயிச்சாலும் செல்லாதுன்னு எதிராளி வக்கீலோட வருவான்."

பத்து நிமிஷத்தில் ஏணியும் பெயின்ட் டப்பாவுமாக வந்தாள். காகிதமும் டேப்பும் நீட்டினேன்.

"அடிக்கிற காத்துக்கு காகிதம் நிக்காது, வெண்டல்," என்றவள், டப்பாவைத் திறந்து ஆற்றின் நீலத்தைத் தன் பேர் மேலேயே பூசத் தொடங்கினாள்.

"நாளைக்கே மறுபடி எழுதிக்குவே. அதானே?"

"ஜெயிச்சா எழுத மாட்டேன். கவுன்சில்ல உக்காந்துக்கிட்டு ஊர்ச் சுவத்துல பேரு போட்டா, மொதல்ல கத்துறது நீங்களாத்தான் இருப்பீங்க."

"தோத்தா?"

"தோத்தா எழுதறதுக்குச் சுவரே இருக்காதே, பெரியவரே!"

கதவு திறக்க இரண்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது ஏணியைத் தூக்கிக்கொண்டு கொடிகளைத் தாண்டிப் போனாள்.

பதினாலு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். கவுன்சிலில் அவள் கை ஒன்று கூடியதில் இடிக்கும் தீர்மானம் தோற்றது.

போன சனிக்கிழமை மறுபடி ஏணியில் நின்றிருந்தாள். கவுன்சில் காகிதங்கள் பெயின்ட் டப்பாவுக்கு அடியில் படபடத்தன.

"வெண்டல்! அன்னிக்கு யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?"

"உன் வேலையைப் பாரு. ரெண்டுல எது உன் வேலைன்னு மொதல்ல முடிவு பண்ணு."

"ரெண்டுந்தான்!" என்று சிரித்தாள். "உங்க வண்டிக்கு மஞ்சள் மாத்திட்டேன், பாருங்க."

பார்த்தேன். இன்னும் வெளிறித்தான் இருக்கிறது. பேர் இருந்த இடத்தையும் கிட்டே போய்ப் பார்த்தேன். தண்ணீர்தான் ஓடுகிறது. ஆனால் அவள் பதவிக்காலம் இன்னும் மூன்று வருஷம் கிடக்கிறதே, அதற்குள் எழுதாமலா இருப்பாள். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன்.