இன்று நீங்கள் சேமித்தது

1

இந்தக் கதை ஒரு கடை பில்லின் பின்பக்கத்தில் பிறந்தது. கௌரவமான பிறப்பு இல்லைதான், என்ன செய்ய?

ஒரு பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டிருந்தார். மாதச் சம்பளக்காரர்கள் வருடத்துக்கு எவ்வளவு சேமிக்கிறார்கள்? புள்ளிவிவரம் வேண்டுமாம். நாலு பேரைக் கேட்டேன். பல் டாக்டர் கூரையைப் பார்த்தபடி, "ஒரு இருபது பர்சன்ட் இருக்கும்" என்றார். (கூரையில் எழுதியிருந்ததோ என்னவோ.) வங்கி மேலாளர், "அதெல்லாம் வீட்டுல அவதான் பாத்துக்கிறா" என்றார். அந்த அம்மாள் வக்கீல். அவருக்குப் போன் போட்டால், "பண விஷயமெல்லாம் அவர்தாங்க. நான் தலையிடுறதே இல்ல" என்கிறார். நாலாவது ஆள், "அது கெடக்கட்டும், நீங்க எவ்வளவு சேக்கிறீங்க?" என்றார். பேட்டியை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

உண்மை கிடைக்காவிட்டால் கதை எழுத வேண்டியதுதானே? சட்டைப் பையில் தாள் இல்லை, பில்தான் இருந்தது. நாலு வரி எழுதிவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். அடியில் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது: 'இன்று நீங்கள் சேமித்தது: 312.'

அடேயப்பா. எனக்கே தெரியாமல்.

2

'அவர் ஒரு ஆடிட்டர்.' வேண்டாம். ஊருக்குத்தான் உபதேசம் என்று முதல் வரியிலேயே சிரித்துவிடுவீர்கள்.

'அவர் ஒரு பிழை—'

அதுவும் வேண்டாம்.

'அவர் ஒரு லிஃப்ட் இன்ஜினியர். ஒன்றாம் தேதி அவர் சம்பளம் பத்தாவது மாடியில் நிற்கும். பத்தாம் தேதி தரைத்தளம்.' இது இருக்கட்டும். (இந்த உவமைக்காகத்தான் அவருக்கு இந்த வேலையைக் கொடுத்தேன் என்று நினைக்கிறீர்களா? ஆமாம்.)

அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். பதினாறு வருடமாக ஊரார் தோளையும் இடுப்பையும் அழுத்தி அழுத்தி, வலது கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. ஆறு மாதம் கைக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் இந்தத் தொழிலையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பாட்டு மேஜையில், ஐஸ் தண்ணீர்க் கிண்ணத்தில் விரலை விட்டுக்கொண்டு அவள் கேட்கிறாள்:

"ஏங்க, லீவு எழுதிக் குடுத்துடட்டுமா? ஆறு மாசம் என் சம்பளம் வராது. மாசாமாசம் சேத்து வைங்கன்னு உங்க கைல குடுத்தேனே, அதுல எவ்வளவு நிக்குது?"

"ஒன்னு எண்பத்தி நாலு."

"லட்சமா?"

"பின்ன? எல்லாம் அந்த அட்டைப்பெட்டியில பத்திரமா இருக்கு. நீ கவலையே படாத."

அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

3

பெட்டியில் பணம் இல்லை, பத்திரமும் இல்லை. மூன்று வருடத்து பில்கள்தான். ஒவ்வொன்றின் அடியிலும் 'இன்று நீங்கள் சேமித்தது'. முதலில் விளையாட்டாகத்தான் கூட்டிப் பார்த்தார். பிறகு நம்பிவிட்டார். அச்சில் வந்தால் உண்மை என்று நம்புகிற ஜாதி அவர். நிறையச் சேமிக்க வேண்டுமானால் நிறைய வாங்க வேண்டும் அல்லவா? வாங்கினார். தண்ணீர் புகாத கைக்கடிகாரத்தில் மட்டும் நாலாயிரம் சேமித்தார். அவருக்கு நீச்சல் தெரியாது.*

* அதிகபட்சமாகச் சேமித்த மாதத்தில் வீட்டு வாடகை பதினெட்டு நாள் தாமதம்.

எல்லாம் அவள் விரல் தேயச் சம்பாதித்துக் கொடுத்த காசு.

என்ன சிரிப்பு? உங்கள் அலமாரியில் விலைச்சீட்டு கிழிக்காத சட்டை எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டு வந்து சிரியுங்கள்.

4

முடிவுகள்.

(அ) அவள் பெட்டியைத் திறக்கிறாள், திட்டுகிறாள், பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரித்தால் விரல் சரியாகிவிடுமா? அடித்துவிட்டேன்.

(ஆ) அலுவலகத்தில் திடீரென்று போனஸ். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

(இ) அவள் லீவு போடாமல் மறுநாள் வேலைக்குப் போகிறாள். ஒரு கிழவரின் தோளில் கையை வைக்கிறாள். அழுத்துகிறாள். அப்போது அவள் கட்டைவிரல்

இதற்கு மேல் எழுத முடியவில்லை. பயமாக இருந்தது.

5

இப்போது நடந்தது இது. என் மனைவி வேலையிலிருந்து வந்தாள். மேஜையில் இறைந்து கிடந்த தாள்களில் ஒன்றை எடுத்தாள். நல்லவேளை, இரண்டாம் பகுதி; அதன் கடைசி இரண்டு வரி அடுத்த தாளில் இருந்தது. நின்றபடியே படித்தாள்.

"லிஃப்ட் இன்ஜினியராமே! பிழை திருத்துறவர்னு எழுத வெக்கமா இருந்துச்சாக்கும். அப்புறம், அது அட்டைப்பெட்டி இல்ல. பிஸ்கட் டின்."

"கதைம்மா. சும்மா மாத்தி…"

"மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் கேட்டது, நீங்க சொன்னது." சிரித்தாள். பதினாறு வருடத்துக் களைப்பும் இறங்கிவிட்டது போன்ற சிரிப்பு. "அந்தத் தைரியத்துலதான் இன்னிக்கு லீவு லெட்டர் குடுத்துட்டேன். எங்க மேடம்கூட கேட்டாங்க, சமாளிச்சிடுவியான்னு. எங்க வீட்டுக்காரர் சேத்து வச்சிருக்கார்னு பெருமையா சொல்லிட்டு வந்தேன்."

அவள் உள்ளே போய் டின்னோடு வந்தாள்.

"இந்த மாச வாடகைக்கு இதுலருந்தே எடுத்துக்கலாம். மூடிதான் வர மாட்டேங்குது. விரல வச்சு அழுத்தினா உயிர் போகுது. கொஞ்சம் திறந்து குடுங்க."

டின் என் மடியில் இருக்கிறது. கனமே இல்லை. அவள் கையில் அந்தத் தாள், அதாவது பில். அச்சடித்த பக்கத்தை அவள் இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை. ஊரார் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான். இந்த ஒன்றை எப்படித் திருத்துவது என்று தெரியாமல் மூடியைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

"என்னங்க, உங்களாலயும் முடியலையா?" என்கிறாள்.

வாசகரே, இத்தனை நேரம் சும்மாதானே உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் விரல்களும் நன்றாகத்தான் இருக்கின்றன. நீங்களே திறந்து கொடுத்துவிடுங்கள்.

எனக்குக் கை வரவில்லை.