அறுபது பேர் மூச்சு

பனி விலகுமுன்னே ஹெர்லிண்டா சரிவில் இறங்கிவிட்டாள். இடுப்பில் கட்டிய கூடைக்குள் காப்பிப் பழங்கள் சொத்துச் சொத்தென்று விழுந்தன. மூக்கு வீங்கி, கல்லாய் இறுகி அடைத்துப்போய், வாயால்தான் மூச்சு. குளிர்காற்று தொண்டையை அறுத்தது. கை ஒவ்வொரு பழத்தைத் திருகும்போதும், அவள் மனசு முதலாளி எவாரிஸ்தோவின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தது.

அக்கா ஒத்திலியா போன அறுவடையில் இதே நோயில்தான் செத்தாள். மூக்கில் தொடங்கிய கட்டி மெல்ல உள்ளே இறங்கி மூச்சுக்குழாயை அடைத்தது. மூட்டை ஏற்ற வேண்டுமென்று, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எவாரிஸ்தோ லாரி தர மறுத்துவிட்டான். தொழிலாளர் படுக்கும் கொட்டகைத் தரையில், தங்கை மடியில், காற்றுக்குத் தவித்தே அடங்கினாள்.

சென்ற வாரம் குவாத்தமாலா நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெர்லிண்டாவிடம் சொன்னார்: இது சாபமில்லை, கிருமி. நல்ல தண்ணீரின்றி நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் மெல்லப் பரவும். மாதக்கணக்கில் மாத்திரை தின்றால் தீரும். அப்படியானால் அக்காவும் பிழைத்திருப்பாள். ஊர் திரும்பும்போது அவள் அழவில்லை. அறுபது பேர் படுக்கும் அந்த ஜன்னலில்லாக் கொட்டகையையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

மாலையில், எடை மேடையருகே எவாரிஸ்தோ அவள் மூட்டையைக் காலால் தள்ளினான்.

“உன் மூஞ்சியப் பாத்தா வேலைக்கு வர்றவன் ஓடிருவான். பொழுது சாயறதுக்குள்ள கெளம்பு.”

“மொதல்ல எங்கக்காவக் கொன்ன கொட்டகைய இடிங்க முதலாளி.”

“அவ விதி, செத்தா.”

“விதி இல்ல, கிருமி. அதுக்கு நீங்க கட்டிக்குடுத்த வீடு அது.”

அவள் கை இடுப்பிலிருந்த வெட்டுக்கத்திக்குப் போனது. அக்கா புருஷன் நிக்காசியோ அந்தக் கையைப் பிடித்தான்.

“வேணாம் புள்ள. ஒரு வெட்டுல முடிஞ்சிரும். இவனுக்கு அது பத்தாது.”

சொல்லிவிட்டு, தன் மூட்டையைப் பழத்தைத் தோலுரிக்கும் ஆலைக்குப் போகும் வழியில் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். ஆறு மாதமாய் அவனுக்கும் ஒரு பக்க மூக்கடைப்புதான். பறித்த பழத்தை அன்றே தோலுரிக்காவிட்டால் புளித்துக் கெட்டுவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவராய் மூட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள். காற்றும் தண்ணீரும் உள்ள அறைகள் வேண்டும், எல்லோருக்கும் சோதனையும் மருந்தும் வேண்டும், ஹெர்லிண்டாவுக்கு வேலை வேண்டும் என்றார்கள். போலீஸைக் கூப்பிடுவேன் என்று எவாரிஸ்தோ மிரட்டிப் பார்த்தான். யாரும் எழவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் மூட்டைகள் கசிந்தன, ஈ மொய்த்தது. கீழே மலைப்பாதையில் போலீஸ் வண்டிகள் ஏறிவரும் இரைச்சல் கேட்டது. வாசனை அறியும் சக்தி ஹெர்லிண்டாவுக்கு எப்போதோ போய்விட்டிருந்தது.

“நாத்தம் வந்துருச்சா மச்சான்?” என்று கேட்டாள்.

“வந்துருச்சு. முதலாளி பங்களா வரைக்கும் அடிக்கும்.”

“அடிக்கட்டும்.”

அவள் நிக்காசியோவின் கையைக் கோத்துக்கொண்டாள். மறு கையைப் பக்கத்திலிருந்தவள் கோத்தாள். வரிசை பாதையை அடைத்து நீண்டது.