சரளைக்கல்லில் மழை

அந்த வாரம் முழுக்க அவள் தூக்கத்தில் மழை பெய்தது. விடியும் வேளையில், போர்வைக்குள் விழித்தும் விழிக்காமலும் கிடக்கும்போது, பின்கட்டில் சரளைக்கல் மேல் மெல்லத் தூறும் சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் வெயில் சுள்ளென்று அடிக்கும், கற்கள் காய்ந்து கிடக்கும். கனவிலாவது மழை வருகிறதே என்று நினைத்தபடி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

பின்கட்டுத் தோட்டம் அவளுடைய ராஜ்ஜியம். தண்ணீர் லாரியை நம்பிப் புல் வளர்க்க அவளுக்கென்ன பைத்தியமா? மணலும் சரளையும் கொட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டைக் கற்றாழைகளை வைத்தாள். "கல்லுக்கு நடுவுல கல்லு" என்று புருஷன் கிண்டலடிப்பான். அடிக்கட்டும். அடியில் கன்றுகள் விட்டிருந்த தாய்ச்செடி முதன்முதலாகப் பூத்தண்டு நீட்டியிருந்தது. அது பூப்பதைப் பார்த்துவிடவேண்டும் என்று தவியாய்த் தவித்தாள்.

ஒருநாள் பூத்தண்டு சாய்ந்து கிடந்தது. செடியைத் தொட்டால் அடிப்பக்கம் கொழகொழவென்று கையோடு வந்தது. தண்ணீர் அதிகமானால் வரும் அழுகல். அப்போதுதான் அவளுக்கு அந்த மழைச் சத்தம் உறைத்தது.

மறுநாள் தூறல் கேட்டதும் எழுந்து ஓடினாள். பூவாளியோடு மாமனார் நின்றிருந்தார். மாமியார் போனபிறகு இவர்களோடு வந்து தங்கியவர், வீட்டில் இருக்கிற இடமே தெரியாத மனுஷர்.

"என்ன மாமா இது? தண்ணி ஊத்தாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே."

அவர் பூவாளியைக் கீழே வைத்தார். "நீ சொன்னேம்மா. ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் சொன்னாங்க. உங்க அத்தை கடைசியில தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னாங்க. நானும் கொடுக்கலை."

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. கீழே உட்கார்ந்து, அழுகிய தாய்ச்செடியைப் பிடுங்கி, நல்லபடியாக இருந்த பக்கக்கன்றுகளைக் கத்தியால் பிரித்துக் காகிதத்தில் பரப்பினாள். அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டார். இளம்வெயிலில் அந்தப் பச்சைக் குட்டிகள் தூங்குவதுபோல் கிடந்தன. இன்னும் தன் கனவு கலையவில்லையோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"இதுகளுக்கும் தண்ணி கிடையாதா?"

"வெட்டுன இடம் காயணும் மாமா." ஒரு கன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். "அழுத்திப் பாருங்க. இலைக்குள்ள பூரா தண்ணிதான்."

அவர் பயந்து பயந்து அழுத்தினார். இலை கெட்டியாக இருந்தது. மறுபடி அழுத்தினார்.

"தாகம் எடுத்தா எப்படித் தெரியும்?"

"இலை மெலிஞ்சு உள்பக்கமா வளையும்."

"அப்ப கேக்குதுன்னு அர்த்தமா?"

"ஆமா மாமா."

அவர் கண் கலங்கிவிட்டது. கன்றைக் கீழே வைக்கவில்லை.

"அன்னிக்கு என்னைக் கூப்பிடும்மா. நான்தான் ஊத்துவேன்."