றொஜருக்கு விழுந்த சீட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பட்டிமன்றத்தில் கிடைத்தது. 1995 ஆகஸ்ட், மாதா திருநாள், இத்தாலியின் பலெர்மோ நகரில், கபோச் சந்தைக்குப் பின்னால் எங்கள் இலங்கைத் தமிழர் கூடும் கோயில் மண்டபம். உலகப்போர் முடிந்து ஐம்பது வருடம் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்ததால் தலைப்பும் அதுவே: போரை முடிக்க அணுகுண்டு தேவைதானா? யார் எந்த அணி என்பதைத் திருவுளச்சீட்டு தீர்மானித்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஹிரோஷிமாவின் வானம் அன்று நீலமாக—"

(விட்டுவிட்டேன். நான் பார்க்காத வானம்.)

ஆகவே றொஜர். பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மணி, வீட்டில் சமையல் வேலை. ஸ்ரெல்லாவைக் கட்ட ஆசை. அவளுடைய தகப்பன் சுவாம்பிள்ளைதான் நடுவர். றொஜருக்கு விழுந்த சீட்டு, தேவை. ஸ்ரெல்லாவுக்கு, தேவையில்லை.

(இவ்வளவு வசதியாகச் சீட்டு விழுமா என்கிறீர்கள். விழாது. நான்தான் விழுத்தினேன்.)

சுவாம்பிள்ளை முதல்நாளே சொல்லிவிட்டார்: "எடுத்த கட்சியிலை கடைசிவரை நிக்கத் தெரியாதவனுக்கு நான் பொம்பிளை குடுக்கமாட்டன்."

3

றொஜர் வெளுத்து வாங்கினான். குண்டு விழாவிட்டால், படைகள் கரையிறங்கும் சண்டையில் இரண்டு பக்கமும் இலட்சக்கணக்கில் செத்திருக்கும் என்றான். ஸ்ரெல்லா விடவில்லை. யப்பான் ஏற்கெனவே தோற்றுக் களைத்திருந்தது, சக்கரவர்த்தியை விட்டுவைப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்றாள். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. எனக்கும் ஒரே கொண்டாட்டம்.

பிறகு அவள் கேட்டாள்:

"எங்கடை சண்டையும் ஒரு குண்டோடை முடியுமெண்டால், மடுவிலை போடச் சொல்லுவீரோ?"

ஊரில், மடு மாதா கோயில் வளவில், அப்போது றொஜரின் தாய் சண்டைக்குத் தப்பி அகதியாக இருந்தார். [இந்த வரியைச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. சேர்க்காவிட்டால் கதை பொய்.]

4

முடிவு ஒன்று: றொஜர் "ஓம்" என்கிறான். அணி வெல்கிறது. ஸ்ரெல்லா அவனைத் திரும்பியும்—

(கிழித்துவிட்டேன். எவ்வளவு கெஞ்சியும் அவன் அதைச் சொல்ல மறுத்துவிட்டான்.)

முடிவு இரண்டு:

"இல்லை, சொல்லமாட்டன்," என்றான் றொஜர். "ஹிரோஷிமாவிலையும் ஆரோ ஒருத்தன்ரை அம்மா இருந்திருப்பா."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவனுடைய அணித்தலைவர் ஏர்னஸ்ற் தலையில் கைவைத்தார். சுவாம்பிள்ளை மணியைக் கையில் பிடித்தபடி மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தீர்ப்பு சாப்பாட்டுக்குப் பிறகு," என்றார். "தம்பி, நீர் எங்கடை மேசைக்கு வாரும்."

5

வரலாறு படித்தவர்களே இன்னும் மல்லுக்கட்டும் வழக்கு இது. எனக்கேன் வம்பு? தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள், இந்தாருங்கள் மணி. ஆனால் கல்யாணத்தை மட்டும் உங்களிடம் விடமாட்டேன். கோழிக்கறி வந்துவிட்டது, ஸ்ரெல்லா நகர்ந்து இடம் விட்டுவிட்டாள்.