நமஸ்காரம் மட்டும்

"சாப்பிட வேண்டாம், பேச வேண்டாம். நமஸ்காரம் மட்டும் பண்ணிட்டு வந்துடு," என்றாள் ஜலஜா.

அஸ்வினி தட்டிலிருந்து நிமிரவில்லை. "நக்கோ அம்மா."

மேசைமேல் மூலைகளில் மஞ்சள் தடவிய பத்திரிகை கிடந்தது. ஜலஜாவின் கணவர் சுந்தரேசனின் அண்ணா நீலகண்டனுக்கு அறுபதாம் கல்யாணம். கலசத் தண்ணீரைத் தம்பதியின் தலையில் ஊற்றியானதும், குடும்பத்துச் சின்னவர்கள் வரிசையாக வந்து காலில் விழ வேண்டும்.

அஸ்வினிக்குப் பன்னிரண்டு வயதில், அரைப் பரீட்சை லீவில், அந்தப் பெரியப்பா வீட்டில்தான் அது நடந்தது. அன்றைக்கும் அவள் நக்கோ, வேண்டாம் என்றுதான் சொன்னாளாம். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த நீலகண்டனுக்கு அந்த ஊர் வார்த்தை புரியாமல் இருந்திருக்காது.

வேலைக்குப் போன பிறகு, போன வருஷம்தான் அவள் வீட்டில் வாய் திறந்தாள். சுந்தரேசன் அன்று தூங்கவில்லை. விசாரித்து ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். மெட்டுகுடா தமிழ்ச் சங்க ஹாலில் ஞாயிறுதோறும், இப்படிப் பாதிக்கப்பட்ட பெண்கள் கூடிப் பேசுகிறார்கள். நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற லூர்துமேரி நடத்துகிறாள்.

"மனசுல இருக்கறதெல்லாம் அங்க கொட்டிடும்மா," என்றார்.

கொட்ட ஓர் இடம் கிடைத்ததில் வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. அவர் நல்ல அப்பா. வாராவாரம் காரில் கொண்டுபோய் விட்டார். கூட்டம் முடியும்வரை பக்கத்துத் தெருவில், அண்ணா வீட்டில் காபி சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

சங்கமும் நல்ல சங்கம். வாடகை கேட்கவில்லை. வாசலில் 'மகளிர் யோகா' என்று பலகை மாட்ட வேண்டும் என்றது, அவ்வளவுதான். அடுத்த ஃபிளாட் ராஜம் மாமி, "முட்டி வலிக்கு நானும் சேரட்டுமாடி?" என்று ஒருநாள் கேட்டாள். வயசுப் பெண்களுக்கு மட்டும்தான் என்று ஜலஜா சமாளித்தாள்.

அந்த ஞாயிறு சுந்தரேசன் சமையல்காரரைப் பார்க்க அண்ணாவோடு போயிருந்தார். மகளை அழைத்துவர ஜலஜா போனாள். லூர்துமேரி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், இவளுக்குச் சரியாக இன்னும் எத்தனை வாரம் ஆகும்?"

"எதுக்கும்மா கேக்குறீங்க?"

"ஒரு ஃபங்ஷன் வருது. முழுசா ஆகணும்னு இல்ல. நமஸ்காரம் பண்ற அளவுக்கு ஆனா போதும்."

லூர்துமேரி நாற்காலியைக் கீழே வைத்தாள். "யாருக்கு நமஸ்காரம்?"

ஜலஜா தரையைப் பார்த்தாள். லூர்துமேரிக்குப் புரிந்துவிட்டது.

"புள்ளைய இங்க அனுப்புனீங்க, நல்லது. அந்தாள எங்க அனுப்புனீங்க?"

"அவரையா? எங்க அனுப்பறது?"

"அதத்தாம்மா நானும் கேக்குறேன்."

லூர்துமேரி அடுத்த நாற்காலியை எடுத்தாள்.

"வர்ற ஞாயிறு இங்க கூட்டம் கெடையாது. ஹால் வேணுமாம். யாருக்கோ அறுபதாம் கல்யாணம். புள்ளைங்கள எங்க உக்கார வைக்கிறதுன்னு தெரியல."

"எங்காத்து ஃபங்ஷன்தான், சிஸ்டர்."

பத்திரிகையில் ஹால் பெயரைப் படித்தபோது, பக்கத்திலேயே இருக்கிறது, சௌகரியம் என்றுதான் ஜலஜாவுக்குத் தோன்றியிருந்தது. இப்போது ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். மணை போட ஏற்ற இடம் ஜன்னல் பக்கம்தான். அஸ்வினியின் தண்ணீர் பாட்டில் அங்கே இருந்தது. வாராவாரம் அவள் உட்கார்கிற இடம்.

"எல்லாரும் எங்காத்துக்கு வாங்கோ," என்றாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அஸ்வினி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"பலகை?" என்றாள் லூர்துமேரி.

"அது இங்கயே இருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு காலை, ஜரிகை வேட்டியில் கிளம்பிய சுந்தரேசனுக்குத் தன் செருப்பு கிடைக்கவில்லை. வாசல் நிறைய பெண்கள் செருப்பு. கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ராஜம் மாமி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி விசேஷம்? யோகாவா?"

ஜலஜா மகளைப் பார்த்தாள். அஸ்வினி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"யோகா இல்ல மாமி. யோகா எப்பவுமே இல்ல. எனக்கு நடந்தத நான் பேசற இடம். கேக்கணும்னா இன்னொரு நாள் வாங்கோ, சொல்றேன்."

மாமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தன் ஃபிளாட்டுக்குள் போகவும் இல்லை, மேலே கேட்கவும் இல்லை.

சுந்தரேசன் குரலைத் தாழ்த்தினார். "ஜலஜா, இதெல்லாம் ஆத்துல வச்சுக்கற விஷயமா? அங்க எல்லாரும் கேப்பா. நீ ஏன் வரல, இவ ஏன் வரலைன்னு. நான் என்னன்னு சொல்றது?"

"நடந்ததச் சொல்லுங்கோப்பா," என்றாள் அஸ்வினி. "அங்க மைக் இருக்குமே."

அவர் மனைவியைப் பார்த்தார். ஜலஜா குனிந்து, குவியலுக்கு அடியிலிருந்து அவர் செருப்பை எடுத்து முன்னால் போட்டாள்.

"சாப்பிட வேண்டாம், பேச வேண்டாம்," என்றாள். "நமஸ்காரம் மட்டும் பண்ணிட்டு வந்துடுங்கோ."